புருவம் வரை வந்த படம்

அத்தான், இப்போது நான் சொல்லப்போகும் கதையைப் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுத்துவிடுகிறேன். சொல்லுகிற ஆள் நான் என்பதே போதுமான காரணம்.

விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் பேத்தி இன்று காலை தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ரொம்ப ஸ்லோ தாத்தா. இடம் இல்லையாம், எதையாவது அழிக்கச் சொல்லுது" என்றாள். சொன்ன கையோடு கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஏகப்பட்ட படங்களை அழித்துத் தீர்த்தாள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான்தான் போகிற படம் ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒருமுறை புருவத்தைச் சுருக்கினாள் பாருங்கள், நான் அங்கேயே உங்கள் முக்கூடல் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டேன்.

கல்லூரிக்குப் போன மகளுக்காக வாழைத்தார் மண்டி அண்ணாச்சி என்று ஊர் கூப்பிடும் நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. அது வந்திறங்கிய அன்று சேரன்மகாதேவியிலிருந்து வண்டி கட்டி ஆட்கள் வந்தார்கள், கோவில் யானை அதற்கு மாலை போட்டது என்று நான் பிற்பாடு பரப்பிய செய்திகளை இங்கே விட்டுவிடுகிறேன். செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்குள் எவனும் போகக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம்.

அந்த மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். என் அக்கா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள். உங்களைச் சமாதானப்படுத்த வீட்டில் ஆளில்லை. நீங்கள் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி நாலு வருஷம் கிடந்தது. பிறகு ஒருநாள் தபாலில், கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் பிளாப்பித் தகடு ஒன்று வந்தது. கடிதம் இல்லை. ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்தில் "அப்பாவுக்கு, பாப்பா படம்" என்று மட்டும் இருந்தது. நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிஷ வேலை என்றேன். "எம் பேத்தி மொகத்த ஊர்ல உள்ளவன் பாத்த பொறவு நான் பாக்கணுமா வே?" என்றீர்கள். காகிதத்தில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி எழுதலாமே என்றேன். முதலில் எழுதுவது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆக, அந்தக் குழந்தை உங்களிடம் வந்து சேர அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் வழி.

அதன் வேகத்தை என்ன சொல்ல! காலையில் அதை ஆன் செய்துவிட்டு, பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போய், கடலில் முங்கி, முருகனைக் கும்பிட்டு, இலை விபூதியோடு நான் திரும்பி வந்தபோதும் அது தன் நினைவை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் உங்கள் தோட்டத்தில் நாலு வாழை குலை தள்ளியது. நானோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் படித்த மகா மேதை. மூடியைக் கழற்றித் தூசி ஊதினேன். டேபிள் ஃபேனை அதன் முதுகுக்குத் திருப்பினேன். அதன் நெற்றியில் காய்ந்திருந்த ஆயுத பூஜைச் சந்தனத்தைச் சுரண்டினேன். உள்ளே சிதறிக் கிடந்த ஃபைல்களையெல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலையை முடுக்கிவிட்டேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. நடவு பார்க்கிற ஆளைப்போல நீங்கள் மத்தியானம் முழுக்க நாற்காலி போட்டுப் பார்த்திருந்தீர்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வட்டு நிரம்பி வழிகிறது, படம் விரிய இடமில்லை, உங்கள் மகள் விட்டுப்போன பழைய ஃபைல்களை அழித்தாக வேண்டும்.

"என்னென்ன கெடக்கு? வாசியும்" என்றீர்கள்.

முதலில் வந்தது கல்லூரிக்கு அவள் எழுதிய விடுப்புக் கடிதம். கடும் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். நீங்கள் வாய்க்குள்ளேயே சிரித்தீர்கள். "அன்னைக்கு எங்க வே காய்ச்சல்? அவளும் உங்க அக்காளும் கல்யாண வீட்டுக்குல்லா போனாளுவ. கெடக்கட்டும்." அடுத்தது பாதியில் நிற்கும் ஒரு புராஜெக்ட். பாதியில் நிற்பதை எப்படி அழிப்பது என்றீர்கள். பிறகு அரைக்க வேண்டிய மசாலா சாமான் பட்டியல். அக்கா சொல்லச் சொல்ல அவள் அடித்தது. அதை என்னாலேயே அழிக்க முடியவில்லை. கடைசியாக ஒரு பந்து விளையாட்டு இருந்தது. "இதுல ஒண்ணுமில்ல அத்தான், வெறும் வெளயாட்டு" என்று திறந்து காட்டினேன். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது, மூன்றாவதும் அவளுடையதே.

"சரி, சும்மா இரும் வே" என்றீர்கள். "அந்தப் பிள்ள மொகம் வரணும்னா இந்தப் பிள்ள போகணுமா?"

நான் மவுஸை விட்டுக் கையை எடுத்தேன்.

ஆகவே எதையும் அழிக்காமலே படத்தைத் திறந்தோம். மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் கறுப்பாகத் தலைமுடி, பிறகு முன்நெற்றியில் இடப்பக்கமாக ஒரு சுழி, அகன்ற நெற்றி, இரண்டு புருவம். அங்கே நின்றது. காத்திருந்தோம். தெருவில் கடைசிப் பால்காரனும் போய்விட்டான். கண்ணுக்கு மேலேயே நின்றது. நீங்கள் எழுந்து போய் அந்தச் சுழியின்மேல், கண்ணாடிக்கு வலிக்கும் என்பதுபோல, ஒரு விரலை வைத்தீர்கள்.

"உங்க அக்கா நெத்தி" என்றீர்கள். வோல்டேஜ் இறங்கிப் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினீர்கள். "வெளிநாட்டுக்கு எழுதுத நீலத் தாளு ஒண்ணு வாங்கிட்டு வாரும். படம் பாதிதான் வந்துச்சு, மீதிய நீயே கூட்டிட்டு வான்னு எழுதணும். அவசரம் ஒண்ணுமில்ல, பைய வாரும்."

உங்கள் வழக்கு அந்த வாசலில் முடிந்தது. எனக்கோ கம்ப்யூட்டரை ஜெயிக்கும் வெறி. அதற்கு இன்னும் கொஞ்சம் மெமரி சேர்த்தால் பறக்கும் என்று ஒருவன் சொன்னான். அந்தத் துண்டைத் தேடி நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் அலைந்தேன். தபாலாபீஸ் என் வீட்டுக்கு எதிரே இருந்தது. தாள் வாங்க ஒன்பது நாள் ஆனது. அந்தக் கம்ப்யூட்டரைவிட மெதுவான பிராணி தாமிரபரணிக் கரையில் உண்டென்றால் அது நான்தான். பத்தாம் நாள் காலை தாளோடும் மெமரியோடும் வந்து இறங்கினேன். உங்கள் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் குழந்தையோடு வந்தாள். "அப்பா எதாவது சொன்னாங்களா மாமா?" என்று கேட்டாள். நீங்கள் வாசலில் சொன்னதை ஓர் எழுத்துக் கூட்டாமல் சொன்னேன். அழுகையோடே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மாறவே இல்ல மாமா. என் மனசு ஆறணும்னு சொல்லுதீங்க" என்றாள். யானை மாலை போட்டது போன்ற என் கதைகளைக் கேட்டே வளர்ந்த பெண் அத்தான் அவள். என் ஆயுசில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அதைப் போய் நம்பவில்லை.

மடிப்புக் கலையாத அந்த நீலத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. திருச்செந்தூர், யானை, குலை தள்ளிய வாழை எல்லாம் ஊர் சொல்வதுபோல் என் சரக்கு என்றே இருக்கட்டும். நீங்கள் வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வரி மட்டும் நிஜம்.