ஆனி மாதத்துப் பொங்கல்

10 ஜூன் 1996, திங்கள்

அவர்களுக்கு இது கோடைக்காலப் படிப்பாம். நமக்குக் கோடை போன மாசமே முடிந்துபோனது. போத்தனூர் காற்று கொடியோடு துணியைப் பிடுங்குகிறது, கூடவே சாரல். இதில் ஆறு அமெரிக்கப் பிள்ளைகள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் களிம்பு சகிதம் எங்கள் கல்லூரி விடுதியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கூடவே அவர்களுடைய பேராசிரியை வால்டர்ஸ் அம்மாள்.

பிரின்சிபால் எல்லாருக்கும் முன்னால் அறிவித்தார். "வாரக் கடைசியில ஊர் சுத்திக் காட்டற பொறுப்பு இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் கிளாடிஸ் மேடத்துக்கு. அடுத்த ஜூன்ல நம்ம பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அவங்க காலேஜுக்கு ஆறு வாரம் போறதும் மேடம்தான்."

கைதட்டல். வரலாறு எடுக்கும் ராமாமணி, பிரின்சிபாலின் அக்கா மகள், என் கையைக் கிள்ளினாள். "அக்கா, இப்பவே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிங்க."

சிரித்தேன். கல்யாணமானதிலிருந்து ரயில்வே காலனியில் இருக்கிறேன். ரயில் கார்டின் பெண்டாட்டி. எந்த வண்டி எப்போது போத்தனூரைத் தாண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏறிப் போன ஊர்கள் மூன்று: அம்மா வீடு, நாத்தனார் வீடு, ஒரே ஒரு தடவை வேளாங்கண்ணி.

நாற்பத்தைந்து வயதில் ஒரு இடத்துக்குப் போக இவ்வளவு ஆசைப்படலாமா? படுகிறேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

15 ஜூன், சனி

பேரூர் கோயில். நான் இதுவரை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த கோயில். ராத்திரியெல்லாம் படித்துவிட்டுப் போய், கனகசபைத் தூண்களைப் பற்றிப் பொழிந்து தள்ளினேன். ஹெதர் என்ற ஒல்லிப் பெண் கேட்டாள், நீங்கள் இங்கே அடிக்கடி வருவீர்களா என்று.

"அடிக்கடி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதற்காகத் தனியாக ஒரு ஜெபம்.

29 ஜூன், சனி

ஊட்டி. பனி மூடி, முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாரும் "அற்புதம்" என்றார்கள். நானும்.

3 ஜூலை, புதன்

சங்கடம்.

வால்டர்ஸ் அம்மாள் நம் கல்லூரி அவர்களுக்கு அனுப்பிய விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். "கிராமத்தில் பொங்கல் விழா" என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதியது பிரின்சிபால். ஜூன், ஜூலை மாதத்துக்கு வருகிறவர்களுக்குத் தைப் பொங்கல்! "அது எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

பிரின்சிபாலிடம் ஓடினேன். தாளை இரண்டு தடவை படித்தார். "அச்சாயிருச்சுங்களே மேடம். இல்லைன்னா அவங்க மனசு சங்கடப்படும். ஏதாச்சும் பண்ணுங்க."

நான் முடியாது என்றா சொன்னேன்? "சரிங்க சார்" என்றேன். வேறு எந்த வார்த்தை என் வாயில் வந்திருக்கிறது.

கோபிசெட்டிபாளையம் அரங்கசாமிக்குப் போன் போட்டேன். அவர் மகள் என்னிடம் படித்தவள். நெல்லும் வாழையும் வைத்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவராவது மறுத்துவிட மாட்டாரா என்றுதான் நாசூக்காக இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஞானமுத்து சிக்னல் கொடிகளை மடித்துக்கொண்டே, "கிறிஸ்துமஸையும் முடிச்சுக் குடுத்துருங்க. பாவம், மறுபடி வர வேண்டியதில்லை பாரு" என்றார்.

13 ஜூலை, சனி

ஆனி மாசத்தில் பொங்கல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

வாசலில் பெரிய கோலம். பாதி சாரலில் கரைந்துவிட்டது. பன்னீர்க் கரும்பு கிடைக்கிற பருவமா இது? சர்க்கரை ஆலைக்குப் போகிற வெளிறின கரும்பை இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். மாட்டுக் கொம்புகளில் புதுப் பெயிண்ட். மாடுகள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுகளுக்கு மாசம் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "ஏனுங்க அரங்கசாமி, தை பொறந்துருச்சுங்களா?"

"நம்மூட்ல பொறந்துருச்சுங்க. உங்கூட்ல இன்னும் இல்லீங்களா?"

"எதுக்கும் காலண்டரைப் பார்த்துப்போட்டு வாரேனுங்க" என்று போனவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு திரும்பி வந்தார். வேட்டி மாற்றியிருந்தார்.

அடுப்பு மழையில் மூன்று தடவை அணைந்தது. அரங்கசாமியின் மனைவி மயிலாத்தாள் குடைக்குக் கீழே உட்கார்ந்து ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, எப்படியோ பொங்கவைத்துவிட்டார். எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். சூரியனுக்குப் படைக்கிற பண்டிகை. சூரியன் மட்டும் வரவில்லை. இத்தனை பேரில் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

பிறகு இலை. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, பாயசம். மயிலாத்தாள் வைத்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் முகம் வெளுத்து, சிரித்துக்கொண்டே விழுங்கின. நானும்தான். மூன்றாவது தடவை ஹெதர் இலைக்கு மேல் கையை விரித்தாள். தமிழில் சொன்னாள்: "ரொம்ப நல்லா இருந்துச்சு. வேண்டாம்."

"இன்னும் ஒரே ஒரு கரண்டி, கண்ணு."

"வேண்டாம்."

பந்தி அப்படியே நின்றது. மயிலாத்தாள் அந்தப் பெண்ணையே பார்த்தார். பார்த்துவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். "அப்பாடா! இந்தக் கண்ணு ஒண்ணுதான் வயித்தைக் கேட்டுச் சொல்லுது. மத்தவங்க எல்லாம் என்ற மொகத்தைப் பார்த்துத் திங்கறீங்க. நானும் உங்க மொகத்தைப் பார்த்துத்தான் வச்சுக்கிட்டே இருக்கேன். இடுப்பு ஒடியுதுங்க."

திரும்பும்போது வேனில் ஹெதர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொங்கல் ஜனவரியில்தானே?"

எனக்கு முகம் எரிந்தது. "உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் இவ்வளவு ஏற்பாடு செய்தபின் வேண்டாம் என்று சொல்ல எங்கள் பேராசிரியைக்கு மனசு வரவில்லை."

"பொங்கல் இல்லையென்றால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள் என்றுதான் நாங்கள்—"

"ஏமாந்திருக்க மாட்டோம். கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்திருப்போம்."

முன் சீட்டில் வால்டர்ஸ் அம்மாள் திரும்பி, இந்தப் பயணத்திலேயே உண்மையான நாள் இதுதான் என்றார். "ரொம்ப சந்தோஷங்க" என்றேன்.

22 ஜூலை, திங்கள்

பிள்ளைகள் நேற்றுக் கிளம்பிப் போனார்கள். இன்று பிரின்சிபால் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். டீ வந்தபோதே எனக்குச் சந்தேகம்.

"பொங்கலை ஜமாய்ச்சுப்போட்டீங்க மேடம். அப்புறம்... அடுத்த வருஷம் அங்க போறது. நம்ம ராமாமணிக்கு ஒரு வாய்ப்புக் குடுத்தா என்னன்னு தோணுச்சு. சின்ன வயசு. உங்களுக்கும் குடும்பம், அலைச்சல் வேற. மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு கமிட்டியில சொல்லிப்போட்டேன். சிரமம் ஒண்ணும் இல்லீங்களே?"

"பரவால்லைங்க சார்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான். டீ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்!

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. என்ன பரவால்ல? என்னடி பரவால்ல உனக்கு? பேரூர் தூணை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சது யாரு? ஒத்தை வார்த்தை. நாக்குல வரலை. இன்னும் ஒரு கரண்டி வைங்கன்னு இலையை நீட்டிட்டு வந்திருக்கேன்.

23 ஜூலை, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். எதற்கும் பதறாத மனுஷன், தட்டைத் தள்ளிவைத்தார். "நீ சரின்னு சொல்லிட்டா அவரு என்ன பண்ணுவாரு? கொடி காட்டினா வண்டி கிளம்பத்தான் செய்யும்."

கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை.

24 ஜூலை, புதன்

முதல் பீரியட் முடிந்ததும் போனேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும்.

"சார், அமெரிக்காவுக்கு நான்தான் போறேன். விட்டுக்குடுக்க முடியாதுங்க."

அவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். நம் ஊரில் அதற்குப் பிறகு ஏதாவது வரும்: "தப்பா நினைச்சுக்காதீங்க", "இருந்தாலும் உங்க இஷ்டம்". எனக்கும் தொண்டை வரை வந்தது. ஹெதர் இலைக்கு மேல் விரித்த கையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"முந்தாநாள் சரின்னீங்களே மேடம்?"

"முந்தாநாள் மரியாதைக்குச் சொன்னேனுங்க சார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் மரியாதையாத்தான் சொல்றேனுங்க."

ஒரு நிமிஷம் பேப்பர் வெயிட்டை உருட்டினார். "சரிங்க. கமிட்டியில சொல்லிக்கறேன்." அவருக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை போலிருக்கிறது. கோபம் இருக்கும். இருக்கட்டும்.

சாயங்காலம் ராமாமணி ஸ்டாஃப் ரூமில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் விறைத்துப்போய் நிற்கிறேன், அவள் காதில் சொல்கிறாள்: "அக்கா, நல்ல காரியம் பண்ணீங்க! எனக்கு ஏரோப்ளேன்னாலே வயித்தைக் கலக்கும். மாமா கேட்டாரு, எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

18 ஏப்ரல் 1997, வெள்ளி

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

இன்று வால்டர்ஸ் அம்மாளிடமிருந்து ஃபேக்ஸ். ஆறு வாரத்துக்கும் என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று வரிசையாக அனுப்பியிருக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை, ஒரு பண்ணை வீட்டில் நன்றி கூறும் திருநாள் விருந்து, அவர்கள் ஊர்ப் பொங்கல். முழு வான்கோழி. வழக்கமாக நவம்பர் கடைசியில் வருவது. உங்களுக்காக ஜூன் மாதத்திலேயே வைக்கிறோம், சம்மதம்தானே, பதில் எழுதவும்.

இவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம்னு எழுதிப்போடு. உனக்குத்தான் இப்பச் சொல்ல வருதே?"

வருகிறதுதான். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே யாரோ ஒரு மயிலாத்தாள், யாருக்கோ போனில் "பண்ணிப்போடலாமுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த மாசத்தில் வான்கோழிக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருப்பாள்.

மிக்க மகிழ்ச்சி என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு கரண்டி. அதற்கு மேல் கையை விரித்துவிடுவேன்.