திரும்பும்போது இருவர்

செர்ஹாத்தின் அப்பாவுக்கு,

காஷ் துறைமுகத்தில் ஒரு நாளுக்கு உல்லாசப் படகு ஒன்றைத் தனியாக வாடகைக்கு எடுத்தேன். முக்குளிக்கப் போன நம் மகனைத் தேடுவதைக் கடலோரக் காவல் படை நிறுத்திவிட்ட பிறகு, வேறு எந்தப் படகும் எனக்குக் கிடைக்கவில்லை.

படகோட்டி ருஷ்து, "எத்தனை பேர், அக்கா? சாப்பாடு சொல்லணுமே" என்றார்.

"போகும்போது நான் மட்டும். திரும்பும்போது ரெண்டு பேர்."

அவர் சிரித்தார். "வழியில யாரை ஏத்தப் போறீங்க?"

செர்ஹாத்தின் படத்தைக் காட்டினேன். படகில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை உடனே நிறுத்தினார். அதன்பின் ஒவ்வொரு குடாவிலும் அவரே நீரில் இறங்கிப் பார்த்தார். வெயில் அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்துப் படகுகளிலிருந்து பிள்ளைகள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் குடாவில் இயந்திரத்தை அணைத்தார். "இதுக்கு மேல தேட இடமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, துஆ கேட்க இரு கைகளையும் ஏந்தினார். வேண்டாம் என்று தடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் கைகளும் உயர்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை அவனுக்கு நீங்கள் வைக்கச் சொன்ன இறுதித் தொழுகைக்கு, அந்த ஜனாஸாவுக்கு, இனி நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவன் நண்பர்களுக்கு மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தச் சொல் என் வாயில் வராது.

உங்கள் மனைவி