வட்டம் போட்ட வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். விடுப்பு கிடைக்காததை நினைத்துக் குமையாதே. வந்திருந்தாலும் அப்போது ஊருக்குள் வரச் சாலை இல்லை.

தண்ணீர் வடிந்து ஒன்பது நாளாகிறது. நகராட்சி லாரி காலையில் குடிநீர் கொண்டுவருகிறது, மாலையில் பிளீச்சிங் பவுடர். தெருவில் பாதிச் சேற்றை அள்ளிவிட்டோம். அப்பாவின் நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தேன். காய்ந்துவிட்டது.

அப்பா போய்விட்டார் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். எப்படி என்று நீ கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மேலே ஏரிக்கரை உடைந்ததாக எங்கள் நகராட்சி அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. நம் தெருவைக் காலி செய்யும் பொறுப்பை ஆணையர் என்னிடம் கொடுத்தார். ஆள் வெளியேறிய வீட்டுக் கதவில் மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட வேண்டும். வட்டம் இருக்கும் வீட்டில் படகு நிற்காது. ஆனால் யாரும் கிளம்புவதாக இல்லை. அதனால் அப்பாவை முதல் வேனில் ஏற்றிவிட்டு, நம் வீட்டைப் பூட்டி, நம் கதவில் முதல் வட்டம் போட்டேன். எதிர்வீட்டு மாடித் தையல்காரர், "கவர்மென்ட்டே முதல்ல ஓடுது பாருங்கப்பா" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கிளம்பினார்கள். மாடி இருக்கிறதென்று அவர் மட்டும் தங்கிவிட்டார்.

தெருமுனையில் அப்பா வேனை நிறுத்தியிருக்கிறார். "பதினோரு மணிக்குப் பையன் கூப்பிடுவான். செல்லுல எனக்குக் காது கேக்காது. வீட்டு போன்ல பேசிட்டு அடுத்த வண்டியில வர்றேன்" என்றாராம். டிரைவர் இறக்கிவிட்டார். பின்வாசல் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான், உனக்குத் தெரியுமே. நான் அப்போது தெருவின் மறுகோடியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியது. படகு நம் வாசல் வழியாக இரண்டு முறை போயிருக்கிறது. "வட்டம் இருந்துச்சுக்கா, அதான் நிக்கல" என்றார் படகுக்காரர். அவர் சொன்னது சரிதான்.

ஆணையர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அப்பா எதையோ எடுக்கத் திரும்பிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் நீ இல்லை.

தின்னர் போட்டுத் தேய்த்தும் வட்டம் போகவில்லை. கதவையே மாற்றிவிடலாம் என்கிறார் மாமா. பார்க்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். நம் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாகத் தையல்காரர் சொல்கிறார். பூட்டிய வீட்டில் யாருக்கு அடிக்கிறது என்று நினைத்தாராம். பிறகு நின்றுவிட்டதாம். அப்பா எடுத்துத்தான் நின்றதா? எடுத்திருந்தால் என்ன பேசினார் என்று ஒரு வரி எழுது. எடுக்கவில்லை என்றால் அதைப் பற்றி எழுதாதே. அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று எழுது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா