கதவைத் தட்டுவது நாங்கள்தான்

அன்புள்ள தங்கச்சி எலிக்குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் குண்டு, உன் அண்ணன் ஒல்லி. கூட்டிக் கழித்தால் இரண்டு பேரும் சுகம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நீ போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாய். அதனால்தான் மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு கடிதம். கோழி கிளறின மாதிரி இருக்கும். திருடிப் படிக்கிறவனுக்குக் கண் வலிக்கட்டும்.

பை தைக்கும் வேலை நடக்கிறது. சூப்பர்வைசர் நேற்று ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், சொல்லவில்லையே.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஊசி போடும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தால், அந்த வீட்டில் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்து, நோய் எந்த வழியாக இறங்குகிறது என்று தேடுகிறார்களாம். நம் வீட்டில் அம்மா, அப்புறம் அண்ணன். அம்மா போய்விட்டாள். மிச்சம் நாம் மூன்று பேர்.

நான் கையை நீட்டினேன். இவ்வளவு சதையில் நரம்பைக் கண்டுபிடித்தால் பரிசு தருகிறேன் என்றேன். அண்ணன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். ரத்தத்தை வைத்து அவன் நினைப்பையெல்லாம் படித்துவிடுவார்களாம். பார்க்கப் பாவமாக இருந்தது. என்னிடமே இன்னொரு குழாய் எடுத்து அவன் பேரை ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே என்றேன். ஊசிப் பெண் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டு பேர் ரத்தமும் எங்கே மாறுபடுகிறது என்றுதான் தேடுகிறோம், அதையே மாற்றிக் கொடுத்தால் எப்படி அம்மா என்றார்.

பிறகு, வெளியூரில் இருக்கிற தங்கை எப்படி என்று கேட்டார். அவளுக்கென்ன, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகத் திட்டுகிறார்களாம், சின்ன வயசிலிருந்தே அவள் கோள்சொல்லி என்று சிரித்தேன்.

அண்ணன் என்னை நேராகப் பார்த்தான். அவன் யாரையும் அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"சிரிக்காதக்கா. எனக்கும் சுவர்லதான் ஆரம்பிச்சுது. அவ பொய் சொல்லல."

சொல்லிவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினான். இதனால் தங்கச்சிக்குச் சரியாகிவிடுமா என்று கேட்டான். டாக்டரம்மா உள்ளதைச் சொன்னார். இந்த ரத்தத்தை வைத்து இப்போதைக்கு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாதாம். ஆனால் உனக்கு என்ன என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் நல்லதாம். அதைக் கேட்ட பிறகும் அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊசி ஏறும்போது என் விரலை மட்டும் நசுக்கிவிட்டான்.

ரத்தம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். எனக்கு நீ வேண்டும்.

தெருமுனைக் கடைக்கே போகாதவன், பஸ்ஸில் ஏறுவதற்கு இப்போதே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறான். சனிக்கிழமை மதியம் உன் வாசலில் நிற்போம். சுவருக்குள்ளிருந்து யார் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். கதவைத் தட்டுவது அண்ணன். எலிக்குட்டி, எலிக்குட்டி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவது நான். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பு.

திறந்துவிடு, கண்ணு.

உன் குண்டு அக்கா