பின்சீட்டுக்குள் இருந்த பழுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

எங்கள் டெட்ராய்ட் பட்டறைக்கு விட்லாக் என்ற பணக்காரப் பந்தாப் பேர்வழி ஒன்று, எழுபதாம் வருடத்து மசில் காரோடு, அதுதான் பெரிய இன்ஜின் வைத்த பந்தயக் கார் மாதிரி, வந்தது.

"ஊதா பெயிண்டு, வெள்ளை சீட்டு. கம்பெனியிலயே இப்படித்தான் வந்துச்சு. எங்கப்பா ஆர்டர் குடுத்து வாங்குனது" என்று ஒரே பீற்றல். பழைய கார்க் கண்காட்சியில் ஊதாவுக்குத்தான் மவுசு.

பின்சீட்டைக் கழற்றினேன். தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் காலத்தில் ஸ்பிரிங்குக்குள் செருகிவிடும் ஆர்டர் தாள் அப்படியே இருந்தது. அதில் பெயிண்டும் பழுப்பு, சீட்டும் பழுப்பு என்று போட்டிருந்தது. காட்டினேன். ஆள் முகம் தொங்கிப்போனது.

"அதக் கிழிச்சுப் போடுப்பா. யாருக்குத் தெரியப்போவுது?"

வெட்கங்கெட்ட ஜென்மம்! பெற்ற அப்பன் ஆசைப்பட்டு வாங்கிய நிறத்தைச் சொல்லக்கூட வாய் கூசுகிறது.

ஸ்பிரிங் விரலைக் கீறிவிட்டது. நாலே தையல்தான், பயப்படாதே. கம்பளிக் காலுறையும் நம்மூர்ச் சோளமாவும் அனுப்பு. இங்கே சோளரொட்டியில் சர்க்கரை போடுகிறார்கள், மடையர்கள். தனியாகச் சாப்பிட இறங்கவே மாட்டேன் என்கிறது.

மணி அடித்துவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும். சர்ச்சில் யாராவது கேட்டால், நான் இங்கே தலைமை பெயிண்டர் என்றே சொல்லிக்கொண்டிரு. உப்புத்தாள் தேய்க்கிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

உன் மகன்,
டெல்பர்ட்