பின்னாலேயே வா

க்ரேஸ்ட்,
6 பிப்ரவரி 2023

லெயோன்ஸ்,

நலமா என்று கேட்கும் உரிமையை இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே தொலைத்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

நான் அதெலினோ. கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. நானேதான் எழுதுகிறேன்.

அதுதான் செய்தி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாமல்தான் இருந்தது, லெயோன்ஸ். தெரியாமலேதான் போர்ச்சுகலிலிருந்து வந்தேன், தெரியாமலேதான் இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளைக் கட்டினேன். என் மனைவி கிரசிண்டாவுக்கு மட்டும் அந்த ரகசியம் தெரியும். தபாலெல்லாம் அவள்தான் வாசிப்பாள். மூன்று குளிர்காலத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். அதன் பிறகு வந்த உறைகளை ரொட்டிப் பெட்டியில் போட்டு மூடினேன். பெட்டி நிறைந்ததும் வெட்கத்தை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். செவ்வாய்தோறும் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது.

இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். தயிர் டப்பா, மருந்துச் சீட்டு, நாய் ஜாக்கிரதை, எல்லாம். நான் கட்டிய ஒரு வீட்டின் பெயர் 'ஓய்வு' என்று போன மாதம்தான் தெரிந்தது. அந்த வீட்டுக்காரன் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா விட்டதில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெர்க்லோ ஊர் ரொட்டிக்கடையில் நீ எனக்காக விட்டுப்போன சீட்டு என்னிடம் இருக்கிறது. 1998 ஜூன் 14. ஏழு ஊர் சைக்கிள் சுற்றில் ஊருக்கு ஊர் முத்திரை வாங்குவோமே, அந்த அட்டையின் உறைக்குள் அப்படியே வைத்திருந்தேன். சென்ற வாரம் வாசித்தேன்.

"கணவாய் வேண்டாம். காலையில் விழுந்ததில் இடுப்பு வலிக்கிறது. மில் பாதையில் இறங்குகிறேன். பின்னாலேயே வா. லெ."

வாசிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அன்று நான் அதை வாசிக்கவில்லை.

அதெலினோ ஃப்ரகோசோ

*

க்ரேஸ்ட்,
5 மார்ச் 2023

லெயோன்ஸ்,

பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டேன். "போய்ச் சேந்துருக்கும் பெரியவரே. அவருதான் எழுதல போல" என்றார். அப்படியானால் நீ கிழிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். மறுபடியும் எழுதுவேன். எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் என்னைச் சோர்வடையச் செய்ய முடியாது.

அதெலினோ

*

சய்யான்,
19 மார்ச் 2023

அதெலினோ,

நான் படுத்த படுக்கையாக இருந்தபோது ரொட்டிக்கடைக்காரி வந்து பார்த்தாள். அவள் சொன்னது ஒரு சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது: "உங்க சிநேகிதர் சீட்டைப் பிரிச்சுப் படிச்சாரு, சிரிச்சாரு, 'சரி சரி'ன்னாரு, கணவாய்ப் பக்கம் மிதிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

சிரித்தாயாம். மில் பாதையில் மறுபடி விழுந்து இடுப்பு உடைந்து ஆறு மணி நேரம் கிடந்தேன். இதோ வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்று சக்கரச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே கிடந்தேன். ஒரு ஆட்டுக்காரன்தான் வந்தான். நீ அங்கே ஏழாவது முத்திரையும் வாங்கிவிட்டு பீர் குடித்துக்கொண்டிருந்தாய். என் இடது கால் அதன் பிறகு சரியாக மடங்கவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து எழுத்துத் தெரியாது என்கிறாய். பதினோரு வருடம் என்னோடு சைக்கிள் ஓட்டியவன் நீ. உணவகத்தில் அட்டையைப் பார்த்துச் சாப்பாடு சொன்னவன். என்னை முட்டாள் என்று நினைத்தாயா?

லெ. பர்ரால்

*

க்ரேஸ்ட்,
28 மார்ச் 2023

அன்பு லெயோன்ஸ்,

திட்டி எழுதியிருந்தாலும் உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஒரு மனிதன் எனக்கென்று எழுதியதை நானே வாசித்த முதல் கடிதம் அது. கையெழுத்து இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது.

உணவகத்தில் நான் என்ன சொல்வேன், யோசித்துப் பார். "எனக்கும் அதே." உனக்குக் குடல் கறி பிடிக்கும். எனக்கு அந்த வாசனையே ஆகாது. பதினோரு வருடம் குடல் கறி தின்றேன், லெயோன்ஸ்.

பாதை பிரியும் இடங்களில் என்ன நடக்கும், அதையும் யோசி. கைகாட்டிப் பலகை கண்ணில் பட்டதும் என் சங்கிலி கழன்றுவிடும். நான் குனிவேன். நீ வரைபடத்தைப் பிரித்து, பலகையைப் பார்த்து, "இடது பக்கம்டா, சோம்பேறி" என்பாய். உடனே சங்கிலி சரியாகிவிடும்.

ரொட்டிக்கடையில் சிரித்தது உண்மை. யாராவது காகிதம் நீட்டினால் சிரிப்பதுதான் என் வழக்கம். சிரிக்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீ முன்னால் போகிற நாளில் எப்போதும் கடையில் கிண்டலாக ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போவாய் அல்லவா? 'ஆமையே, கணவாய் உச்சியில் காத்திருக்கிறேன்' என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். உன்னைப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஏற்றத்தை உயிரைக் கொடுத்து மிதித்தேன். உச்சியில் நீ இல்லை. இன்னும் முன்னால் போயிருப்பாய் என்று இறக்கத்தில் பறந்தேன்.

மறுநாள் எல்லாம் தெரிந்தது. மருத்துவமனை வாசல் வரை வந்தேன், நீ உள்ளே விடவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தால் போதும். சொல்லவில்லை. சைக்கிள் சங்கத்தில் எல்லோரும் என்னைத் துரோகி என்றார்கள், பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். அதைத் தாங்க முடிந்தது. எழுத்து தெரியாதவன் என்று அவர்கள் முன் நிற்பதைத்தான் தாங்க முடியாது என்று நினைத்தேன். தவறு அந்தச் சீட்டில் இல்லை. அந்த மௌனத்தில் இருக்கிறது. அது முழுக்க என்னுடையது.

ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, அதே ஏழு ஊர்களையும் சுற்றப் போகிறேன். எழுபத்திரண்டு கிலோமீட்டர், எனக்கும் எழுபத்திரண்டு வயது. வெர்க்லோவில் கணவாய்ப் பக்கம் திரும்ப மாட்டேன். மில் பாதையில் இறங்குவேன். நீயும் எங்காவது ஓரிடத்தில் வந்து நின்றால் மகிழ்ச்சி.

உன் அதெலினோ

*

சய்யான்,
20 ஏப்ரல் 2023

அதெலினோ,

ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து உன் சங்கிலியை நானே கழற்றி, கழுவி, கண்ணி குறைத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பாதை பிரிகிற முதல் இடத்திலேயே கழன்றது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, சந்தேகம் வரவில்லை. நேற்று சாப்பிடும்போது அது நினைவுக்கு வந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ சொல்வதை நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, மன்னிப்பது வேறு. ஜூனில் நான் வரமாட்டேன். அந்தப் பாதையைப் பார்க்க விருப்பம் இல்லை. நீயும் போகாதே. புதர் மண்டிக் கிடக்கிறதாம், விழுந்து வைப்பாய்.

லெயோன்ஸ்

*

க்ரேஸ்ட்,
12 ஜூன் 2023

அன்பு லெயோன்ஸ்,

போய்வந்தேன். தொடை இரண்டும் மரக்கட்டையாக இருக்கின்றன. கை மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். வரைபடம் கைப்பிடிக்கு முன்னால், பையின் மேல். ஆற்றோரம் திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் போகும்போது ஒவ்வொரு பலகைக்கும் நின்றேன். நான் முன்பு 'வாதுமை மரம் விழுந்த இடம்' என்று மட்டுமே அறிந்திருந்த ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது! இரண்டாவது ஊருக்கு முன்னால் ஒரு பிரிவில் தப்பாகத் திரும்பி நான்கு கிலோமீட்டர் ஏறிவிட்டேன். பலகையை அவசரமாக வாசித்ததன் பலன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே வழி தவறியிருக்கிறேன்!

வெர்க்லோ ரொட்டிக்கடையை இப்போது அந்தம்மாவின் மகள் நடத்துகிறாள். சுவரில் ரொட்டிகளின் பெயரெல்லாம் எழுதியிருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் பொறுமை இழந்துவிட்டாள்.

"ரொட்டி வாங்க வந்தீங்களா, இல்ல பாடம் படிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தாம்மா. இன்னும் நாலே நாலு இருக்கு."

"படிங்க, படிங்க. எம் புருசன் சாப்பாட்டுக்கு நாளைக்கு வரைக்கும் காத்திருப்பாரு."

கடைக்காரி சிரித்துக்கொண்டே அட்டையில் முத்திரை குத்தினாள். வெளியே வந்தேன். வலது பக்கம் கணவாய், இடது பக்கம் மில் பாதை. இடது பக்கம் திரும்பினேன்.

நீ சொன்னபடி புதர்தான். முள் தலைக்கு மேல் நிற்கிறது. ஏறி மிதிக்க முடியவில்லை, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில், ஓடை குறுக்கே போகிற இடத்தில் நின்றேன். நீ கிடந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். வழவழப்பான கல். ஆறு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்தான் முடிந்தது, குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. மன்னித்துக்கொள் என்று சத்தமாகச் சொன்னேன். அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: மன்னித்துக்கொள்.

பிறகு கீழே பாலத்தருகே சாலைக்கு வந்து, மீதி ஊர்களையும் முடித்து வீடு சேர்ந்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று உன்னைக் கேட்க மாட்டேன். அடுத்த மாதம் தெற்கே மலையடிவாரச் சாலை ஒன்று இருக்கிறது, அதையும் ஓட்டப் போகிறேன். ஓட்டிவிட்டு எழுதுவேன். நீ வாசிக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம்.

உன் அதெலினோ

*

சய்யான்,
16 ஜூன் 2023

அன்பு அதெலினோ,

ஞாயிறு அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றதே, அதற்குள் நான்தான் இருந்தேன். மதியத்திலிருந்து அங்கேயே இருந்தேன். தலையெல்லாம் முள்ளோடு, தோளில் சைக்கிளோடு நீ வெளியே வந்ததைப் பார்த்தேன். கதவைத் திறக்கக் கை வைத்தேன். திறக்க முடியவில்லை. கால் மேல் பழி போட மாட்டேன். மனம்தான் இறங்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை சங்கத்துக்குப் போனேன். எல்லோரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன்: "தொண்ணூத்தெட்டுல அதெலினோ என்னை விட்டுட்டுப் போகல. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்." ஏன், எப்படி என்று கேட்டார்கள். "அவன் வந்து சொன்னா சொல்லட்டும், என்னைக் கேக்காதீங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். உன் பெயரை மறுபடி எழுதிவிட்டார்கள்.

கோபம் முழுக்கப் போகவில்லை. இருபத்தைந்து வருடம் வளர்ந்த கோபம், கொஞ்ச நாள் வீட்டோடு இருக்கும். அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

ஆம், வருகிறேன். மோட்டார் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கால் மடங்காத பக்கத்துக்குப் பெடல் கட்டையைக் குட்டையாக மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரன், "இந்த வயசுல எதுக்கு சார்?" என்றான். "உனக்கு இந்த வயசு வரும்போது வந்து கேளு" என்றேன்.

நீ சொன்ன அந்தத் தெற்குச் சாலையில் பதினேழு பிரிவுகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஜூலை 9, காலை ஏழு மணி, உன் வீட்டு வாசல். என் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். அது இல்லாமல் பலகையில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது.

நீ முன்னால் போ.

லெயோன்ஸ்