டாக்டர் அறையில் அழித்த பதிவு

கூலாய்,
திங்கட்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் பள்ளி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். மீரியில் நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது உண்மையில்லை.

அப்பாவின் கால் புண்ணுக்காக வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டு மாற்ற அவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போனதும், டாக்டர் குணாளன் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் ஃபரீஹா, அப்பாவின் சர்க்கரைக்கான சாப்பாட்டு விவரத்தை நான் எழுத முடியாமல் திணறியதைப் பார்த்து, ரெக்கார்ட் பண்ணிக்குங்க ஆன்ட்டி, வீட்ல போட்டுக் கேளுங்க என்று தாமாகவே சொன்னார். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் என்று நினைத்து, கேட்கவும் கூச்சப்பட்டு, மடியிலிருந்த சிகிச்சை அட்டைக்கு அடியில் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டேன். இடது காலில் மூன்று விரல்களை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் முழங்காலுக்குக் கீழேயே போய்விடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அட்டை நழுவி, பதிவு ஓடிக்கொண்டிருந்த போன் அவர் கண்ணில் பட்டுவிட்டது. என்ன டீச்சர், என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போறீங்களா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் லா என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார், அவருக்கும் பயம் என்று தெரிந்தது. அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். அதன்பின் ஒவ்வொன்றையும் கோப்பில் எழுதிவிட்டுத்தான் வாய் திறந்தார். என்ன எழுதினாரோ, இதை மனதில் வைத்து அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை அப்பாவே வந்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீங்க படிச்சவங்க, வீட்ல பக்குவமா எடுத்துச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று எல்லாரும் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள், எனக்கு வாய் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அப்பா, என்ன பட்டதாரியம்மா, டாக்டர் வெச்ச பரீட்சையில பாஸா என்று கிண்டல் செய்தார். மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன் தேனு. நம்பிவிட்டார். நேற்று பாசிர் கூடாங்கில் தான் வேலை செய்யும் கிடங்கின் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வந்துர்றேன், என் ஃபோர்க்லிஃப்ட்ட வேற யாருக்கும் குடுத்துறாதீங்க என்று சிரித்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரை மாட்டிவிட நான் பதிவு செய்யவில்லை. அவர் கதவைச் சாத்தியபோதே, வரப்போவதை என்னால் அப்பாவிடம் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. டாக்டர் குரலையே போட்டுக் கேட்கவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, அப்பாவும் அப்படித்தான் தள்ளிப்போட்டார். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன். நாளை சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு, அந்த மூன்று விரல்களைப் பற்றி நீயே சொல்லிவிடு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

உன் அம்மா,
பிரேமலா